ஐந்து மணிக்குள் ஒரு வாக்கியம்

“இது யார் பாத்தி?” என்று கேட்டாள் வைரமணி, ஒரு கத்திரிக்காயைக் கையில் உருட்டிப் பார்த்தபடி.

“சண்முகவேல் வாத்தியார் பாத்திம்மா. இன்னிக்குக் காலைல பறிச்சது,” என்றார் கடைக்காரர்.

“அந்த மனுஷன் பாத்தியா? வேண்டாம்ப்பா. உயிரோட இருக்கும்போதே எந்நேரமும் சிடுசிடுப்பு. காயில மட்டும் கசப்பு இல்லாமலா இருக்கும்?”

“அப்ப தனபாக்கியம் அம்மா பாத்தி எடுத்துக்குங்க. பிஞ்சு. அடுப்புல வச்சதும் வெந்துடும்.”

“தனபாக்கியமா! அதைப் போடு. ஒரு கிலோவாப் போடு. எங்கூட மூச்சாலைல பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவ. தங்கமான மனுஷி.”

செவ்வாய்க் கோளில், செம்பள்ளம் குடியிருப்பின் காய்கறிக் கடையில் தினமும் நடக்கிற பேச்சுதான் இது. குவிமாடத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பாகக் கிடப்பதை மண் என்று சொல்ல முடியாது. அது நஞ்சு கலந்த தூள். அதில் புல்கூட முளைக்காது. விளைகிற மண்ணை மனிதர்கள்தான் கொடுத்தாக வேண்டும். ஒருவர் இறந்தால் அவரை மண்ணாக்குக் கலத்தில் வைப்பார்கள். நாற்பதாம் நாள் நல்ல கறுப்பு மண் கிடைக்கும். அதைப் பாத்தி கட்டி, அவர் பெயரை எழுதி நட்டு, கத்திரியோ வெண்டையோ போடுவார்கள். இதற்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பூமியிலிருந்து வருகிற விருந்தாளிகள்தான் முதல் வாரம் சாம்பாரைத் தொட மாட்டார்கள். இரண்டாவது வாரம் பசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

வைரமணிக்குப் பூமிக் கணக்கில் எழுபத்து நான்கு வயது. செவ்வாயின் இழுவிசைக்கு யாருக்குமே கால் அவ்வளவாகத் தரையில் பாவாது. அன்று அவளுக்குச் சுத்தமாகப் பாவவில்லை. பையை வீசிக்கொண்டு, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் “பசங்க வர்றாங்க, ரெண்டு பேருமே வர்றாங்க!” என்று சொல்லிக்கொண்டே போனாள். மகனும் மகளும் ஒரே நாளில் அவள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. அந்தச் சந்தோஷத்தில், அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதைச் சொல்ல மறந்துபோனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு இதய மாற்று. பழையதை எடுத்துவிட்டு, அவளுடைய உயிரணுக்களிலிருந்தே வளர்த்த புதிய இதயத்தை வைப்பார்கள். பதினான்கு மாதமாக அது ஒரு தொட்டியில் வளர்ந்து பதத்துக்கு வந்திருக்கிறது. நாளையைத் தவறவிட்டால் முற்றிப்போய்விடும். இந்தச் சிகிச்சை செய்துகொள்ளும் ஏழு பேரில் ஆறு பேர் நான்காம் நாள் வீட்டுக்கு நடந்தே போய்விடுகிறார்கள். ஏழாவது ஆள் கண் விழிப்பதில்லை, சாவதும் இல்லை. மூச்சு ஓடும், நகம் வளரும், அவ்வளவுதான்.

அந்த ஏழாவது ஆளுக்காகத்தான் துயில்கூடம் என்று ஒன்று கட்டினார்கள். சட்டத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. கண் விழிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவரும் பிள்ளைகளும் முன்பே பேசி, சாட்சிப்பொறியின் முன்னால் பதிந்துவிட்டால் அதன்படி நடக்கும். பதியாவிட்டால் அவர் துயில்கூடத்துக்குப் போவார். பிள்ளைகள் வந்து தங்கள் வாயால் முடிவைச் சொல்லும்வரை அங்கேயே இருப்பார். பிள்ளைகள் வந்து சொல்வதில்லை. அதனால் முப்பத்தெட்டாயிரம் பேர் வாழ்கிற செம்பள்ளத்தில், மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் துயில்கூடத்தில் படுத்திருக்கிறார்கள். ஊரிலேயே பெரிய கட்டடம் அதுதான். மூச்சாலையில் உண்டாக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. பொங்கலன்று குடும்பம் குடும்பமாக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். போன வருஷத்துக்கு இப்போது முகம் தெளிவாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வைரமணிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். மூச்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் காற்றடைப்பு ஆய்வாளராக இருந்தவள் அவள். ஊரின் கதவுகளையும் வால்வுகளையும் சோதிப்பது அவள் வேலை; துயில்கூடத்தின் கதவுகளும் அதில் அடக்கம். “அந்த ரேக்குல போய் வரிசையா உக்கார நான் என்ன ஊறுகாய் பாட்டிலா?” என்பாள். கண் விழிக்காவிட்டால் பதினைந்து நாள் பார்க்க வேண்டும், பிறகு மண்ணுக்கு அனுப்ப வேண்டும், அவள் கணவர் குமரவேளின் பச்சைமிளகாய்ப் பாத்திக்குப் பக்கத்தில் பாத்தி கட்ட வேண்டும். பிள்ளைகளிடம் அவள் கேட்டிருந்தது இவ்வளவுதான். இதைப் பிள்ளைகள் இருவரும் அன்று மாலை ஐந்து மணிக்குள் சாட்சிப்பொறியிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறிக்குக் களைப்பு கிடையாது, பசி கிடையாது, ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய பேருந்தும் கிடையாது. ஆனாலும் அலுவலகம் என்றால் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூட வேண்டும் என்ற வழக்கம் மனிதரோடு செவ்வாய்க்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மகன் நன்மாறன் வடதுருவப் பனிச்சுரங்கத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்திருந்தான். நாற்பத்தொன்பது வயது, ஆறடி உயரம், குனிந்துதான் வாசலில் நுழைந்தான். மகள் அல்லிக்கு நாற்பத்தைந்து. தூசிப்புயல் முன்னறிவிப்பு நிலையத்தில் தினமும் காலையில் “ஆபத்து, யாரும் வெளியே போகாதீர்கள்” என்று ஊருக்குச் சொல்வது அவள் குரல்தான். வைரமணி இருவரையும் கட்டிப்பிடித்தாள், அழுதாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் ஒரு பட்டியலை ஒட்டினாள். அதில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன.

“என்னம்மா இது? ஆய்வு மாதிரி இருக்கு!” என்றான் நன்மாறன்.

“ஆய்வேதான். நான் கேப்பேன், நீங்க தொட்டுச் சொல்லணும்.”

கேட்டுத் தொடுதல் என்பது காற்றடைப்பு ஆய்வாளர்களின் பழக்கம். ஒருவர் “ஏழாம் கதவு மூடியிருக்கிறதா?” என்று கேட்டால், மற்றவர் தூரத்தில் நின்று ஆமாம் போடக் கூடாது. போய்க் கதவின் மேல் கையை வைத்து, “மூடியிருக்கிறது” என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை கை வைக்காமல் சொன்னதால் பதினோரு பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். வைரமணி இதை வீட்டிலும் விட்டதில்லை. சின்ன வயதில் பிள்ளைகள் பல் தேய்த்தார்களா என்பதைக்கூடப் பல்லைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“முதல்ல சாப்பிடலாம்மா. நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு இன்னிக்குப் போய் எதுக்கு இதெல்லாம்?” என்றான் நன்மாறன்.

“நாளைக்கு ஆபரேஷன்ங்கறதாலதான்டா இன்னிக்கு!”

“அபசகுனமாப் பேசாதம்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது,” என்றாள் அல்லி. ஆபத்தை அறிவிக்கிற அதே கணீர்க் குரலில்தான் சொன்னாள்.

சாப்பாடு ஒரு மணிக்கு முடிந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய் பிரமாதம், பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்குச் சாட்சிப்பொறி வந்து சேர்ந்தது. முட்டி உயரத்தில், சக்கரத்தில் ஓடுகிற சின்ன அலமாரி போன்ற உருவம். “வணக்கம். தாங்கள் பேசலாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டது. வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும் அல்லவா? பிள்ளைகள் எழுந்து பட்டியலின் முன்னால் போய் நின்றார்கள்.

முதல் நான்கு கேள்விகள் மளமளவென்று போயின. மருந்துப் பட்டியல் எங்கே, வீட்டு மூச்சு வால்வு எது, யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும், பூட்டியிருக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது? இருவரும் ஓடி ஓடித் தொட்டார்கள். நன்மாறன் பெட்டியைத் திறந்து, தன் முதல் பள்ளிச் சட்டை அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் மார்பின் மேல் வைத்துப் பார்த்தான். அது பாதி மார்புக்குக்கூட எட்டவில்லை. மூவரும் சிரித்தார்கள். வைரமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அஞ்சாவது கேள்வி உங்களுக்கு இல்ல, எனக்கு,” என்றாள். “பிள்ளைங்ககிட்ட மறைச்சது ஏதாவது இருக்கா? இருக்கு. அல்லி, இங்க வா.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குப் பதினேழு வயசுல, பூமியில கடல் படிப்புக்கு இடம் கேட்டு எழுதினோமே. இடம் கிடைக்கலன்னு சொன்னேன். கிடைச்சிருந்துச்சுடி. நான்தான் மறைச்சேன். நீ போனா திரும்பி வர மாட்டேன்னு பயம். இருபத்தெட்டு வருஷமா இதைச் சொல்லணும்னு நினைக்கிறேன். என்னை மன்னிச்சிடு.”

வைரமணியின் பழைய இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டது.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள் அல்லி.

“என்னது?”

“அந்தக் கடிதம் வந்த அன்னிக்கே உன் கணக்கைத் திறந்து பார்த்துட்டேன்.”

“அடிப்பாவி! பார்த்துட்டு ஏண்டி கேக்கல?”

“கேட்டா போகச் சொல்லிடுவியோன்னுதான். கூடப் படிச்ச பொண்ணுங்க எழுதினாங்கன்னு நானும் எழுதினேன். எனக்குக் கடலைப் படத்துல பார்த்தாலே ஆகாதும்மா. அவ்வளவு தண்ணி, மேல மூடி கூட இல்லாம!”

முதலில் சிரித்தது நன்மாறன்தான். பிறகு மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு பக்கம் இருபத்தெட்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரம், இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. இவ்வளவு எளிதாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் முன்பே பேசியிருக்கலாமே என்று வைரமணிக்கு ஆற்றாமையாகக்கூட இருந்தது.

“அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்,” என்றான் நன்மாறன். சிரிப்பின் சூட்டிலேயே அவனுக்கும் துணிச்சல் வந்திருந்தது. “நான் இங்க வந்து இருக்காததுக்குக் காரணம் வெண்ணிலா இல்லம்மா. அவளுக்கு இங்க வரத்தான் ஆசை. எனக்குத்தான் சுரங்கத்தை விட்டு வர மனசில்ல. நீ வருத்தப்படுவியேன்னு பழியை அவ மேல போட்டுட்டேன்.”

வைரமணி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக மருமகளிடம் அவள் மூன்று வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அங்கேயே, அந்த நிமிஷமே வெண்ணிலாவை அழைத்தாள். “நிலா, இந்தத் தடியன் சொன்னதை நம்பி உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. மனசுல வச்சுக்காத,” என்றாள். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “உடம்பைப் பாத்துக்குங்க அத்தே,” என்று வந்தது. வைரமணி இணைப்பைத் துண்டித்துவிட்டு மகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவனுக்கு அது சுகமாக இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பேசச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு யாருக்கு, யார் எவ்வளவு நாள் பார்த்துக்கொள்வது, அம்மாவுக்கு ஞாபகம் தப்பினால் என்ன செய்வது, அப்பா கடைசி வாரம் யாரைத் தேடினார்? ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று கேள்விகள் ஓடின. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டார்கள், சண்டை போட்டார்கள், உடனே சமாதானமானார்கள். சாட்சிப்பொறியே ஒரு முறை, “இந்த வேகத்தில் பேசினால் பதிவது கடினம்,” என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலேகாலுக்குப் பதினோரு கேள்விகள் முடிந்துவிட்டன.

பன்னிரண்டாவதில் எல்லாம் நின்றது.

“நான் கண் முழிக்கலைன்னா என்ன செய்வீங்க? முழுசாச் சொல்லுங்க,” என்றாள் வைரமணி.

நன்மாறனுக்குச் சமையலறையில் ஒரு குழாய் சொட்டுவது திடீரென்று காதில் விழுந்தது. ஸ்பேனரைத் தேடிக்கொண்டு எழுந்து போனான். அல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏதாவது ஒண்ணு அப்படி இப்படி ஆச்சுன்னா… நாங்க பாத்துக்கறோம்.”

“போதாது,” என்றது சாட்சிப்பொறி. “எது ஆனால், எதைப் பார்த்துக்கொள்வீர்கள்?”

“அதான்… அம்மா சொன்ன மாதிரி.”

“அம்மா சொன்னதை நான் முன்பே அவர் வாயால் கேட்டுவிட்டேன். தங்கள் வாயால் கேட்க வேண்டும்.”

அல்லி இரண்டு முறை முயன்றாள். ‘அம்மா கண் விழிக்கா’ என்பதுவரை வந்து நின்றாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, புயல் அறிவிப்பு வாசிக்கிற குரலில் கடகடவென்று சொல்லி முடித்தாள். “அம்மா கண் விழிக்காவிட்டால் பதினைந்து நாள் பார்ப்போம். அதன் பிறகு மண்ணுக்கு அனுப்புவோம். அப்பா பாத்திக்குப் பக்கத்தில் பாத்தி கட்டுவோம்.” முடித்ததும் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“மாறா, இங்க வாடா,” என்று கூப்பிட்டாள் வைரமணி.

“குழாய் சொட்டுதும்மா.”

“அது உங்கப்பா காலத்துல இருந்து சொட்டுது. வா.”

வந்தான். தலையை ஆட்டினான். “என்னால முடியாதும்மா. ரெண்டு கிலோமீட்டர் பனிக்கடியில இறங்கச் சொல்லு, இறங்கறேன். இதைச் சொல்லச் சொல்லாத.”

“தொடாமச் சொல்லப் பாக்கற, அதான் வரல.” அவன் பெரிய கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள். “இப்பக் கேக்கறேன். இது நின்னுபோய், புதுசும் எடுக்காம, நான் முழிக்காமக் கெடந்தா என்ன செய்வ?”

அவன் உள்ளங்கைக்கு அடியில் அது விட்டு விட்டு அடித்தது. இரண்டு அடி, ஒரு இடைவெளி, அவசரமாக மூன்று அடி. அந்த நெஞ்சில் தலை வைத்துத் தூங்கியவன் அவன். கண்ணீர் தாடியில் இறங்க, ஒவ்வொரு சொல்லாக முழு வாக்கியத்தையும் சொன்னான். கடைசியில், “உனக்கு நான் தினம் தண்ணி ஊத்தறேன்மா,” என்று பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்.

“பதியப்பட்டது,” என்றது சாட்சிப்பொறி. மணி நாலு முப்பத்தெட்டு.

வீட்டில் திருவிழாக் களை வந்துவிட்டது. வைரமணி எழுந்து நின்று கை தட்டினாள். “இந்த ஊர்ல எத்தனை வீட்ல இது நடந்திருக்கும் சொல்லு? நம்ம வீட்ல நடந்திருச்சு!” என்றாள். பாயசம் வைக்கப் பாலை எடுத்தாள். பிள்ளைகளுக்கும் நெஞ்சிலிருந்து கல் இறங்கிய மாதிரி இருந்தது. அல்லி, தன் மகளிடமும் இப்படி ஒரு பட்டியல் ஒட்டப்போவதாகச் சொன்னாள்.

“இன்னும் ஒரே ஒரு பிரிவு மீதமிருக்கிறது, அம்மையீர்,” என்றது சாட்சிப்பொறி. “தாங்கள் பொறுப்பாளராக இருக்கும் துயிலாளர் பற்றி. திரு. அரங்கநாதன். தங்கள் தந்தையார். துயில்கூடத்தில் முப்பத்தோராவது ஆண்டு.”

இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. வைரமணியே அதை நினைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். ‘இப்போதுள்ள நிலையே தொடரட்டும்’ என்ற கட்டத்தில் விரலை வைப்பாள். பொங்கலன்று போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வருவாள். துயில்கூடத்தில் ஒருவர்கூட இல்லாத குடும்பம் செம்பள்ளத்தில் அபூர்வம். அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

“தாத்தாவா?” என்றான் நன்மாறன். “அவரு இன்னும் அங்கதான் இருக்காரா?”

“சென்ற மாதம் சேர்த்த விதி இது,” என்றது பொறி. “துயில்கூடத்தில் ஒருவருக்குப் பொறுப்பாக இருப்பவர், அவரைப் பற்றிய முடிவைச் சொன்ன பிறகே தம் முடிவின் பதிவு நிறைவு பெறும். தங்களுக்கு மூன்று முறை அறிவிப்பு வந்திருக்கிறது. மூன்றும் திறக்கப்படவில்லை. ஒரே வாக்கியம் போதும். இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.”

“அப்பா விஷயம் வேற,” என்றாள் வைரமணி.

“எப்படி வேறு?”

“வேறன்னா வேறதான். இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு எழுதிக்கோ.”

“அது முடிவு அல்ல, ஒத்திவைப்பு. முப்பது ஒத்திவைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன.”

“நல்ல காரியம் முடிஞ்சிருக்கற நேரத்துல இந்தப் பேச்சு எதுக்கு? பால் பொங்குது பாரு!” என்று அடுப்பங்கரைக்கு ஓடினாள். பால் இன்னும் சூடாகக்கூட இல்லை.

அல்லி பின்னாலேயே போனாள். அன்று முழுக்க அம்மாவிடம் கற்றுக்கொண்டதன் வேகம் அவளிடம் இருந்தது. “அம்மா, நான் கேக்கறேன், நீ சொல்லு. ஒரே வாக்கியம்தானேம்மா. நாங்க சொல்லலையா?”

“உங்களுக்கு நான் சொல்லிட்டேன். அதனால உங்களால முடிஞ்சுது. எனக்கு யாரு சொன்னா?” கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் தணிந்துபோயிற்று. “ஒரு நாள் மத்தியானம் அவரு சொல்லத்தான் வந்தாரு. ‘மணி, எனக்கு ஒண்ணு ஆயிட்டா…’ன்னு ஆரம்பிச்சாரு. நான்தான், ‘வாயைக் கழுவுங்கப்பா, காபி போடறேன்’னு எந்திரிச்சுப் போயிட்டேன். காபியோட வந்து பார்த்தா வேற பேச்சுக்குப் போயிட்டாரு. என்ன சொல்ல வந்தாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. மண்ணுக்கு அனுப்புன்னு சொல்ல வந்தாரா, எப்படியாவது என்னை வச்சுக்கோன்னு சொல்ல வந்தாரா? தெரியாம நான் எப்படிடி சொல்லுவேன்?”

நன்மாறனும் வந்து நின்றான். இருவரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். நூறு வயதாகப்போகிறது என்றார்கள். அவர் உன்னைக் கோபிக்க மாட்டார் என்றார்கள். வைரமணி இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஒரு முறை, “எங்கப்பாவை…” என்பதுவரை வந்தது. எரியாத இன்னொரு அடுப்பை அணைத்தாள். பாயசத்துக்கு ஏலக்காய் போதுமா என்று பார்த்தாள். ஆயிரம் கதவுகளைத் தொட்டுத் தொட்டு ஊரைக் காப்பாற்றிய அந்தக் கை, ஏலக்காய் டப்பாவையே திரும்பத் திரும்ப மூடித் திறந்தது.

மணி ஐந்து அடித்தது.

“பதிவு நிறைவு பெறவில்லை. பொது விதியே தங்களுக்குப் பொருந்தும்,” என்று சொல்லிவிட்டுச் சாட்சிப்பொறி வாசலைப் பார்த்துத் திரும்பியது. மறுநாள் பத்து மணிக்கு முன்னால் அது வேலைக்கு வராது. வைரமணி ஒன்பது மணிக்கு மயக்கத்தில் இருப்பாள்.

“விடும்மா,” என்றான் நன்மாறன், அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டு. “உன் விருப்பம் எங்களுக்கு இப்ப நல்லாத் தெரியும். அப்படி ஏதாவது ஆனா, நாங்களே போய்ச் சொல்லிட மாட்டோமா?”

“கண்டிப்பா சொல்லிடுவோம்மா,” என்றாள் அல்லி.

மனதாரத்தான் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் துயில்கூடத்தின் வாசலில் நின்று, வர்ற வாரமே வந்து சொல்லிவிடுகிறேன் என்று வைரமணி சொன்னதும் மனதாரத்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருவரின் கையையும் தட்டிக்கொடுத்தாள்.

வாசலுக்குப் போன பொறி நின்றது. “தேவைப்படலாம் என்பதற்காகப் படுக்கை முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது, அம்மையீர். தங்கள் தந்தையாருக்கு அடுத்த படுக்கை.”

“அப்பாவுக்குப் பக்கத்துலயா?” வைரமணி சட்டென்று நிமிர்ந்தாள். “கீழ் வரிசைதானே? மேல் வரிசைன்னா என் முட்டிக்கு ஆகாது.”

“கீழ் வரிசைதான்.”

அவள் முகத்தில் காலையிலிருந்த களை திரும்பி வந்துவிட்டது. “அங்க ரொம்பக் குளிரும்டா. எப்பவும் நாலு டிகிரி குறைச்சுத்தான் வச்சிருப்பாங்க. நான்தானே வருஷா வருஷம் அளந்தேன். எதுக்கும் ஒரு போர்வை எடுத்து வச்சிடலாம்.”

பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. அல்லி ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். கம்பளிதான் சரி என்றான் நன்மாறன். கம்பளி உறுத்தும், பருத்தியை இரண்டாக மடித்துக்கொள்ளலாம் என்றாள் அல்லி. நீலத்தைவிட மஞ்சள் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றாள் வைரமணி. பாயசத்தைக் குடித்துக்கொண்டே, எந்தப் போர்வையை எடுத்து வைப்பது என்று மூவரும் ஒன்றரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார்கள்.